மாடி மாமாவுக்கு ஒரு வாழ்த்து

1

ஊரிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு நான் பழகிப்போனவன். தலைவலித் தைலம் வேண்டும், ஜாதிக்காய் எண்ணெய் வேண்டும், பையனுக்கு மலேசியாவில் வேலை வேண்டும், பையன் இன்னும் படிப்பை முடிக்கவில்லை, இருந்தாலும் வேண்டும். பினாங்கில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்: "பார்க்கலாம்." யாரையும் புண்படுத்தாது, என்னையும் ஒரு வேலை செய்ய வைக்காது.

இந்த முறை அக்கா திருச்சியிலிருந்து கேட்டது தைலம் அல்ல.

"மாடி மாமாவுக்கு எண்பது பூர்த்தியாகுதுடா. மண்டபமெல்லாம் புடிச்சாச்சு. அவர்கிட்ட படிச்ச பசங்க எல்லாரும் ஆளுக்கொரு வீடியோ அனுப்புறாங்க, பெரிய திரையில போடப் போறாங்களாம். நீ இங்கிலீஷ்லயே பேசிடு. அதைக் கேட்டா மனுஷன் பூரிச்சுப் போயிருவாரு."

"பார்க்கலாம்" என்றேன்.

"என்னடா பார்க்கலாம்? உன்னை ஃபாரினுக்கு அனுப்பினதே அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தான். ரெண்டு நிமிஷம் பேசினா வாய் வலிக்குமா?"

மாடி மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். உறவுக்காரர் அல்ல. கூட்டுறவு வங்கியில் வேலை, மாலையில் தெருப்பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் ஆங்கிலம். அப்பா வயதில் ஒரு மனிதர் வாடகைக்கு வந்து சேர்ந்தால், சாமான் இறக்கி முடிப்பதற்குள் அவர் மாமா ஆகிவிடுவது எங்கள் வழக்கம். மாமா ஆனபின் அவருக்குக் கதவு கிடையாது, நேரம் கிடையாது, சந்தேகம் கிடையவே கிடையாது. என்னிடம் மட்டும் மொழித்திறமை இருப்பதாகக் கண்டுபிடித்து, தனியாகப் பாடம் எடுக்க மாடிக்கு வரச் சொன்னார். வீடே பெருமைப்பட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது.

ஒரு பெரியவர் ஒரு குழந்தையிடம் செய்யக் கூடாததை அவர் என்னிடம் செய்தார், ஒருமுறை இருமுறை அல்ல. இதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வேலையைச் செய்ய நான் ஒருவன் போதும்.

2

மறுக்கத் துணிவில்லாததால் வீடியோ எடுக்க உட்கார்ந்தேன். படப்பிடிப்பு இயக்குநர் என் மகள் யாழினி. கல்லூரியில் படிக்கிறாள். அவள் பேசும் தமிழில் தமிழைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும், சாம்பாரில் காயைத் தேடுவதுபோல. கைப்பேசியை ரைஸ் குக்கர்மேல் சாய்த்து வைத்தாள்.

"ஓகே அப்பா. ஸ்மைல் லா. பாஸ்போர்ட் ஃபோட்டோ மாதிரி நிக்காதீங்க."

முதுகை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் தொடங்கினேன். மரியாதைக்குரிய மாமா அவர்களே என்பது வரை சரியாகப் போயிற்று. அதற்குப் பிறகு தாடை பூட்டிக்கொண்டது. வார்த்தை மறக்கவில்லை, வெளியேதான் வரமாட்டேன் என்கிறது.

"அப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஏர்கோன் சத்தம்."

"ஏர்கோன் ஓஃப் பண்ணித்தானே இருக்கு?"

என் மனைவி ரெஜினா ஒரு ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பினாங்கிலேயே டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழ்ப்பெண், ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் யார் வயிற்றுவலி உண்மை, யார் வயிற்றுவலி கணக்குப் பாடத்தால் வந்தது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவாள். மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி ஆரம்பித்தாள்.

"என்னாங்க, நான் ஒன்னும் கேக்கல. கல்யாணமானதுலேருந்து கேக்கல. அந்த ஆளு பேரு வந்தா நீங்க சாப்பாட்ட பாதியில விட்டு எழுந்திரிக்கிறீங்க. என்கிட்ட சொல்ல வேணாம். யாருகிட்டயாச்சும் போய் சொல்லுங்க. கவுன்சிலிங் போங்க."

"என்னைப் பைத்தியம்னு நினைக்கிறியா?"

"பைத்தியமா இருந்தா நான் சமாளிச்சிருப்பேன் லா. எங்க ஸ்கூல் ஆஃபீஸ் முழுக்க அதுதான்."

யாழினி தலையைத் தூக்கினாள். "அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போறாங்க. நத்திங் லா. பல்லு டாக்டர்கிட்ட போற மாதிரி."

பல் மருத்துவரிடம் போகவும் எனக்குப் பயம் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

3

பயத்தை விவரிப்பது கடினம், ஏனென்றால் அது தன்னைப் பயம் என்று ஒருபோதும் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. "இன்றைக்கு வேலை அதிகம்" என்று வரும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி" என்று வரும். உளவியல் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் படித்தவனுக்கு ஆலோசகர் எதற்கு என்றும் வரும். நீச்சல் பற்றிப் படித்தே கடலைக் கடந்துவிட்டதாக நம்புகிறவன் நான்.

முதலில் தேர்ந்தெடுத்தது ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் ஆலோசனை மையம். சீனப் பெண்மணி, ஆங்கிலத்தில் பேசுவார். தமிழர் என்றால் வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தேன். இந்தத் தீவில் ஒரு தமிழனின் கார் எண் மற்ற தமிழர்களுக்கு மனப்பாடம். நான் எங்கே வண்டியை நிறுத்துகிறேன் என்பது தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் குழுவுக்கு எனக்கு முன்பே தெரிந்துவிடும்.

வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். மையம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. குறுகலான மரப்படிகள். அதன் அடியில் நின்று மேலே பார்த்தேன். பிறகு எதிர்க்கடையில் வெல்லப்பாகு மிதக்கும் செண்டோல் ஐஸ் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த முறையும் அதேதான். கடைக்காரர் நான் உட்கார்வதற்குள் கிண்ணத்தை எடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். என் மனநோய்க்கு வைத்தியம் தேடிப்போய்ச் சர்க்கரை நோயோடு திரும்பிவிடுவேன் போலிருந்தது.

கடைசியில் ஏறியது துணிச்சலால் அல்ல. மழை பிடித்துக்கொண்டது, செண்டோல் கடைக் கித்தான் ஒழுகியது, ஒதுங்க வேறு இடமில்லை.

அந்தப் பெண்மணி அருமையானவர். நான் ஒரு மணிநேரம் பேசினேன். என்ன ஆங்கிலம்! துணை வாக்கியங்கள், முரண்நகை, சரியான இடத்தில் இடைநிறுத்தம். என் அப்பாவின் சிக்கனத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் சிரித்தார். புலம்பெயர்ந்தவனின் தனிமையைப் பற்றி ஒரு கட்டுரையே வாசித்தேன். எங்கள் வீட்டு மாடிக்கு மட்டும் பேச்சு போகவில்லை. முடிவில் அவர் மென்மையாகச் சொன்னார், நீங்கள் மிக அழகாகப் பேசுகிறீர்கள் என்று.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. அழகாகப் பேசு, நிமிர்ந்து நில், வாக்கியத்தை முடிக்காமல் விடாதே. அத்தனையும் அந்த ஆள் சொல்லிக்கொடுத்தது. நான் வாயைத் திறந்தால் ஆங்கிலத்தில் வருவது அவருடைய குரல்தான். அவரைப் பற்றிய புகாரை அவர் குரலிலேயே எப்படிச் சொல்வது? என் சம்பளம், என் பதவி, தொழிற்சாலையில் வெளிநாட்டுத் தணிக்கையாளர்கள் முன் நான் நிமிர்ந்து நின்று கொடுக்கும் விளக்கங்கள், எல்லாவற்றிலும் அந்த மாடி அறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிச்சலில் காரை எங்கே நிறுத்தினேன் என்று மறந்து, மழையில் இரண்டு தெரு சுற்றினேன்.

4

சரி, தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். தீவுக்குள் வேண்டாம் என்பதால் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ் ஆலோசகரைக் கண்டுபிடித்தேன். ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போனேன். வெறுங்கையோடு ஒருவர் இடத்துக்குப் போவதாவது என்று ஒரு டப்பா முறுக்கும் கொண்டுபோனேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முப்பது வயது இருக்கும் பையன். வாசலுக்கே வந்துவிட்டான்.

"வாங்கண்ணே, வாங்க. ஃபெரியில கூட்டமா? ஐயோ, இதெல்லாம் எதுக்குண்ணே, நாங்க வாங்கக் கூடாதுண்ணே."

"சும்மா எடுத்துக்குங்க தம்பி. வீட்டுல செஞ்சதுதான்."

அண்ணே, தம்பி. அந்த இரண்டு சொல்லில் என் சிகிச்சை முடிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டான். மனைவி எந்தப் பக்கம் என்று கேட்டான். ஐந்தே நிமிடத்தில், அவன் அம்மாவும் ரெஜினாவின் சித்தியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று தெரியவந்தது. இருவரும் மகிழ்ந்தோம். நான் உள்ளுக்குள் செத்தேன்.

ஒரு தம்பியிடம் எப்படி இதைச் சொல்வது? தம்பி என்றால் நான் அல்லவா அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? அவன் முகம் வாடிவிடக் கூடாதே என்ற கவலையில், அவன் எப்போது கல்யாணம் செய்யப்போகிறான் என்று விசாரித்தேன். பெண்வீட்டார் இழுத்தடிக்கிறார்களாம். ஆறுதல் சொன்னேன். பாவம், பலமுறை என்னைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தான்.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லவே இல்லையேண்ணே."

மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். "சின்ன வயசுல, எங்க மாடியில ஒரு மாமா இருந்தாரு..."

"சொந்த மாமாவாண்ணே?"

தவறான கேள்வி அல்ல. யாரும் கேட்பதுதான். சொந்தமில்லை என்று சொல்லலாம், ஆனால் மாமா என்று சொல்லியாயிற்றே. அப்படிச் சொன்னதுமே அவர் எங்கள் வீட்டு மனிதராகி, நடுக்கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கத் தொடங்கிவிட்டார். வீட்டு மனிதரைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. வேறு எந்தப் பெயரால் அவரைச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய சொந்தப் பெயரே எனக்குச் சரியாக நினைவில்லை.

"இல்ல தம்பி. அது ஒன்னுமில்ல. ரொம்ப நல்லா பாடுவாரு" என்றேன்.

திரும்பி வரும்போது ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலை முறைத்தேன். ரொம்ப நல்லா பாடுவாராம்! கிடைத்த ஒரே வாய்ப்பில் அந்த ஆளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

அக்கா தினமும் செய்தி அனுப்பினாள். குடும்பக் குழுவில் மற்றவர்களின் வாழ்த்துகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. துபாயிலிருந்து ஒருவன், கனடாவிலிருந்து ஒருவன், எல்லோரும் நிமிர்ந்து நின்று, வாக்கியத்தை முடித்தார்கள். அவர்களில் யாராவது என்னைப் போல் தனியாகப் பாடம் படித்திருப்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் முகத்திலும்தான் தெரியாது.

அந்த வாரம் ரத்த அழுத்த மாத்திரைக்காக அரசாங்க கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்தது. நம்பர் எடுத்து, காத்திருந்து, வேறு கவுண்டருக்கான நம்பர் அது என்று சொல்லப்பட்டு, மறுபடி நம்பர் எடுத்து, மறுபடி காத்திருந்து, ஒருவழியாக அழுத்தம் பார்க்கும் அறைக்குள் போனேன். அழுத்தம் ஏறுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. கதவு திறந்தே கிடக்கும். அடுத்த இரண்டு நோயாளிகள் உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நம் கொழுப்பு எவ்வளவு என்று அவர்களும் தெரிந்துகொள்வார்கள்.

அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஓய்வுபெறும் வயதில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி. பஸ் நடத்துநரைப் போன்ற குரல். கருவியைப் பார்த்து முகம் சுளித்தார். போன தடவையைவிட அதிகம், ஏன், உப்பா, தூக்கமில்லையா, வீட்டில் பிரச்சினையா என்று மலாயில் அடுக்கினார்.

என் மலாய் பசாரில் கற்றது. மீன் வாங்கவும், போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கவும் போதுமானது. அந்த மொழியில் எனக்கு நகைச்சுவை வராது. அதில் நான் யாருக்கும் மகனாக இருந்ததில்லை, மாணவனாக இருந்ததில்லை. உப்பு என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வாயைத் திறந்தேன்.

"வக்து கெச்சில், அடா ஓராங் புவாட் ஜஹாட் சாமா சாயா" என்று வந்தது.

சின்ன வயதில் ஒரு ஆள் எனக்குக் கெடுதல் செய்தான். அவ்வளவுதான். நாற்பது வருடம் எனக்குள் கிடந்தது, ஒரு கிலோ கெம்போங் மீன் கேட்கும் அதே தொனியில் வெளியே வந்து மேசைமேல் விழுந்தது.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். ஒரு பெரியவர் முணுமுணுத்தார், அவருக்கு ஒரு அதட்டல் விழுந்தது. அந்தக் கதவு மூடி நான் பார்த்ததே இல்லை. மூடினார்.

"சியாப்பா?" யார் என்று கேட்டார்.

"ஜிரான்" என்றேன். பக்கத்துவீட்டுக்காரன். மாமா இல்லை. மாடியில் குடியிருந்த வெறும் ஒரு மனிதன்.

உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். எண்பது வயது, விழா எடுக்கிறார்கள் என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன மலாய்ச் சொல் எனக்குத் தெரியாது. வாழ்த்து அல்ல என்பது மட்டும் தெரிந்தது. பிறகு என் கையில் மறுபடி பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் குறைந்திருக்க வேண்டும். இன்னும் ஏறியிருந்தது.

டாக்டரிடம் அவரே என்னை அழைத்துப்போய்ப் பேசினார். அங்கேயே உளவியல் அதிகாரி ஒருவர் இருக்கிறாராம், பார்க்கலாமாம். எப்போது? ஏழு வாரம் கழித்து! மனிதன் நாற்பது வருடத் தயக்கத்தை உடைத்துக்கொண்டு வந்து நின்றால், அரசாங்கம் நாட்காட்டியைப் புரட்டுகிறது. கத்த வேண்டும்போல் இருந்தது. மிஸ்ஸி வாசல்வரை வந்து விரலை ஆட்டினார். வா, வராமல் இருந்துவிடாதே.

6

ஏழு வாரம் அக்கா காத்திருக்க மாட்டாள். மூன்றாம் நாளே கூப்பிட்டாள்.

"வீடியோ எங்கடா? இன்னிக்கிதான் கடைசி. எடிட்டிங் பண்றவன் என் உயிர வாங்குறான்."

"நான் அனுப்பலக்கா."

"ஏன், வேலையா?"

"வேலையெல்லாம் இல்ல. அனுப்ப மாட்டேன்."

"வெளிநாட்டுக்குப் போனதும் கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு. ஊரே நன்றி கெட்டவன்னு பேசப்போகுது. அப்படி என்னதான்டா பண்ணிட்டாரு அவரு உன்னை?"

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னேன். இரண்டு வாக்கியம். இந்த முறை தமிழில், அக்காவிடம், மாமா என்ற சொல் இல்லாமல். "அந்த ஆளு" என்று சொன்னேன். அக்கா வாழ்நாளில் அவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்.

திருச்சியில் குக்கர் விசில் அடித்தது. அக்கா அடுப்பை அணைக்கவில்லை. இன்னொரு விசில்.

"இப்ப எதுக்குடா இதெல்லாம்..." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எண்பது வயசாச்சுடா அவருக்கு. கண்ணுகூட சரியாத் தெரியல."

"எனக்கு அப்ப பதினொன்னுக்கா."

இணைப்பு அறுந்தது. வைஃபையைக் குறை சொல்லிப் பார்த்தேன். வைஃபை நன்றாகவே இருந்தது.

விழா முடிந்தது. படங்கள் குழுவில் வந்தன. மாலையும் கழுத்துமாக அவர், காலில் விழும் கூட்டம். பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தேன், பிறகு குழுவை விட்டு வெளியேறினேன். இரண்டு மைத்துனர்கள் தனித்தனியாக அழைத்து, ஏதாவது தவறுதலாக அழுத்திவிட்டேனா என்று அக்கறையாக விசாரித்தார்கள். அன்றும் மறுநாளும் நான் வீட்டில் யாருடனும் ஒழுங்காகப் பேசவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று என் அலமாரியில் உள்ள புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாருக்கும் திருச்சியில் அக்கா இல்லை.

ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. மன்னிப்பு இல்லை, அழுகை இல்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமும் இல்லை. "நான் விழாவுக்குப் போகலடா. மூட்டு வலின்னு சொல்லிட்டேன். எங்க மாமியார்தான் போய்ட்டு வந்து ஜாங்கிரி குடுத்தாங்க. வாங்கல." கடைசியில், "சாப்பிட்டியா?"

அதைப் பலமுறை போட்டுக் கேட்டேன்.

7

ஏழாவது வாரம் வந்தது. போகாமல் இருப்பதற்கான காரணங்களும் உடன் வந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை. தொழிற்சாலையில் தணிக்கை. லேசான காய்ச்சல். ரெஜினா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் உள்ள வரமாட்டேன். வெளிய கார்ல உக்காந்து எக்ஸாம் பேப்பர் திருத்துறேன். நீங்க ஓடினா மட்டும் புடிப்பேன்."

உளவியல் அதிகாரி சிறிய பெண். பழைய பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை, குளிர் தாங்கவில்லை. எந்த மொழியில் பேச விருப்பம் என்று கேட்டார். எது வருகிறதோ அது என்றேன். வழக்கம்போல் ஒரு நகைச்சுவையோடு ஆரம்பித்தேன், நல்ல நகைச்சுவைதான். அவர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. அது முடியட்டும் என்று காத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சிரிக்காத ஒருவர்முன் நான் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே தொடங்கினேன்.

வாக்கியங்கள் பாதியில் நின்றன. நிற்க விட்டேன். மூன்று மொழியும் முட்டிக்கொண்டன. ஒரு கட்டத்தில் குனிந்து என் செருப்பையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது என்று அவர் சொன்னபோது, சொல்லவேண்டியதில் கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை. அடுத்த தேதியைக் கொடுத்தார். அதற்கும் தனியாக நம்பர் எடுத்துக் கவுண்டரில் பதிய வேண்டுமாம்.

பதிந்துவிட்டு வெளியே வந்தேன். உச்சி வெயில். ரெஜினா காரின் ஜன்னலை இறக்கினாள், விரலெல்லாம் சிவப்பு மை.

"எப்படிங்க இருந்துச்சு?"

"மோசம். ரொம்ப மோசம். தலை வலிக்குது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்போ?"

"செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு" என்றேன்.